வாலிபால் குழுவோடு ரீயூனியனுக்கு: மொரீஷியஸ் மன்றங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பிளெசான்ஸ் விமான நிலையத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ரீயூனியன் தீவின் ரொலான் காரோஸ் விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். இரண்டு தீவுக்கும் ஒரே நேரம், கைக்கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம். அதனாலேயே நம் மன்றங்கள் பல, ரீயூனியன் பயணத்தை இங்கேயே மாயேபூர் பக்கம் போய் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வருவதுபோல நினைத்துக் கிளம்புகின்றன. ஆனால் விமானம் இறங்குகிற மண் பிரான்ஸ். 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். செலவழிப்பது யூரோ, குடிவரவுச் சட்டம் பிரெஞ்சுச் சட்டம், கால் பிசகினால் வருகிற மருத்துவ பில்லும் பிரெஞ்சுக் கணக்குதான்.

இருந்தும் போகத்தான் வேண்டும். இங்கே லீக்கில் ஆண்டுக்கணக்காக அதே ஏழெட்டு அணிகளோடு மோதுகிறோம். எதிரணி செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக்கொடுப்பவர், தோளைத் திருப்பினாலே பந்து எந்தப் பக்கம் போகும் என்று நம் பிளாக்கர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாத அணியின் முன்னால் நின்றால்தான் நெட்டருகே அடியைத் தடுக்கிற நம் பிளாக் உண்மையில் எவ்வளவு, சர்வீஸை வாங்குகிற நம் ரிசீவ் எவ்வளவு என்று விளங்கும். கோயில் இளைஞர் மன்றமாகவோ ஊர்க் குழுவாகவோ தொடங்கி, இரண்டாம் நிலை லீக் வரை வந்திருக்கிற அணிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தேசிய அணிக்குச் சங்கமும் அமைச்சும் எல்லாம் செய்துகொடுக்கும். நமக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

முதல் படி: யாரோடு ஆடுவது?

மொரீஷியஸ், ரீயூனியன், மடகாஸ்கர், செஷல்ஸ், கொமொரோஸ், மயோத் எல்லாம் ஆப்பிரிக்க வாலிபால் கூட்டமைப்பின் 7ஆம் மண்டலத்தில் வருகின்றன. 1979இல் ரீயூனியனில் தொடங்கிய இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டுப் போட்டிகளாலும் தீவுகளுக்கிடையே வாலிபால் உறவு உண்டு. ஆகவே அங்குள்ள மன்றங்களுக்கு மொரீஷியஸ் அணி என்றால் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை. ரீயூனியன் லீக் பிரெஞ்சு வாலிபால் கூட்டமைப்பின் கீழ் இயங்குகிறது. மன்றங்கள் பெரும்பாலும் நகராட்சி ஜிம்களில் பயிற்சி செய்கின்றன.

பெரிய பெயருள்ள மன்றத்தைத் தேடிப் போகாதீர்கள். 25–9, 25–11 என்று தோற்பதற்காக இவ்வளவு செலவு செய்து கடல் கடக்க வேண்டாம். நம் நிலையில் இருக்கிற ஒன்று, கொஞ்சம் மேலே ஒன்று என இரண்டு எதிரணிகள் போதும். அவர்களுடைய சமீபத்திய ஆட்டத்தின் வீடியோவைக் கேளுங்கள், நம்முடையதையும் அனுப்புங்கள். ஒரே ஒரு முழு செட் போதும், நிலை தெரிந்துவிடும்.

தொடர்பு பிடிக்க, அங்குள்ள லீக் அலுவலகத்துக்கு எழுதுவது முறையான வழி. நம்மவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சென்-ஆந்த்ரே, சென்-போல், சென்-பியேர் பக்கங்களில் தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் நிறைய. நம் கோயில் கமிட்டியில் யாராவது ஒருவருக்கு அங்கே பழக்கம் இருக்கும். அவர் மூலம் ஒரு மன்றத் தலைவரின் தொலைபேசி எண் கிடைத்தால் வாரக்கணக்கில் காத்திருப்பது மிச்சம். பேச்சு கிரெயோல் மொழியில் நடக்கட்டும். கடிதம் மட்டும் பிரெஞ்சில், ஒழுங்காக இருக்கட்டும்.

இரண்டாம் படி: கடிதம்

இதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். பயணம் எப்படி அமையும் என்பது பெரும்பாலும் இந்தக் கடிதத்திலேயே முடிவாகிவிடுகிறது. டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள்.

‘நட்பு ஆட்டம் ஆட வருகிறோம், உதவி செய்யுங்கள்’ என்று மட்டும் எழுதினால், ‘வாருங்கள்’ என்று அன்பாக ஒரு பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை பேர் வருகிறோம், ஆண்களா பெண்களா, எந்த வயதுப் பிரிவு, எந்தெந்த நாள், எத்தனை ஆட்டம் என்று எழுதுங்கள். ஜிம் எங்கே, மாலை எத்தனை மணிவரை நமக்குக் கிடைக்கும், நடுவர் யார், எந்தப் பந்து என்று கேளுங்கள். தங்குவது அவர்கள் வீடுகளிலா, வாடகை விடுதியிலா? விமான நிலையத்திலிருந்து யார் அழைத்துப்போவார்கள்? எந்தெந்த வேளைச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு, எந்தெந்த வேளை நம் பொறுப்பு? சாப்பாட்டு விஷயத்தைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். அங்கே போன பிறகு கேட்பதுதான் இரு தரப்புக்கும் சங்கடம்.

இளையோர் அணி என்றால் வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டோடு எழுதுங்கள். பிரெஞ்சுப் பிரிவுகளும் நம்முடையவையும் ஒன்றுபோல இருக்காது, நெட் உயரமும் அதைப் பொறுத்து மாறும். பெரியவர்களுக்குச் சிக்கல் இல்லை: ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர், எங்கும் அதேதான்.

கடிதத்தின் கடைசிப் பத்திதான் முக்கியம். அவர்கள் திரும்ப மொரீஷியஸ் வரும்போது நாம் என்ன செய்வோம் என்பதை அதில் எழுத வேண்டும். இத்தனை பேருக்குத் தங்க இடம், இத்தனை வேளைச் சாப்பாடு, வண்டி, ஜிம் என்று தெளிவாக எழுதுங்கள். தீவுகளுக்கிடையே ஆட்டம் என்பது கொடுக்கல் வாங்கல். ஒரு வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப அழைக்காமல் இருந்தால் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியுமா? ஒரு மன்றம் அப்படி நடந்துகொண்டால் அதற்கடுத்து போகிற நம் ஊர் மன்றத்துக்கும் கதவு அடைபடும். நம்மால் செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள், எழுதியதைச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: அனுமதி

வெளிநாட்டு மன்றத்தோடு ஆடுவதென்றால், நட்பு ஆட்டமாகவே இருந்தாலும், மொரீஷியஸ் வாலிபால் சங்கத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். எதிர் மன்றமும் தன் லீக்கிடம் சொல்லிவிட வேண்டும். நம் சங்கத்தின் ஒப்புதல் கடிதம் பல இடங்களில் கைகொடுக்கும். வேலை செய்கிற இடத்தில் விடுப்புக் கேட்கவும், பள்ளியில் அனுமதி பெறவும், குடிவரவுக் கவுன்டரில் காட்டவும் அதே தாள்தான். வேறு நாட்டு மன்றத்தில் பதிவான ஆட்டக்காரரை இரவல் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் அதையும் சங்கத்திடம் முன்னரே கேட்டுவிடுங்கள். பரிசுப் பணம் உண்டென்றால் அதன் விதிமுறையை அழைக்கிற மன்றமே விசாரித்துச் சொல்லட்டும்.

நான்காம் படி: எப்போது போவது?

ஜூலை கடைசியும் ஆகஸ்ட் தொடக்கமும்தான் சிறந்த காலம். இரு தீவிலும் பள்ளி விடுமுறை ஓரளவு சேர்ந்து வரும், வெயிலும் தணிந்திருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால் புயல் ரீயூனியனைத் தாக்கியபோது அங்கே சிவப்புக்கும் மேலான ஊதா எச்சரிக்கை வரை போனது. போர்ட் லூயிஸில் கார்கள் வெள்ளத்தில் மிதந்ததை நாம் மறக்கவில்லை. ரீயூனியனில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் வீட்டைவிட்டு வெளியே வரவே கூடாது. பன்னிரண்டு இளைஞர்களை வாடகை வீட்டுக்குள் இரண்டு நாள் அடைத்துவைத்துச் சமாளிக்க எந்த மேலாளரும் விரும்ப மாட்டார்.

நம் வீட்டு நாட்காட்டியையும் பாருங்கள். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிற ஆட்டக்காரர்கள் எல்லா அணியிலும் உண்டு. அந்த நாட்களில் ஆட்டம் வைத்தால் ஒன்று அணி பாதியாகும், அல்லது பையன்கள் மனக்கஷ்டத்தோடு வருவார்கள். புரட்டாசியில் கோவிந்தன் விரதம் என்று மாதம் முழுக்க மரக்கறி உண்பவர்கள் இருக்கிறார்கள். தேதி முடிவு செய்யும் முன் ஆட்டக்காரர்களின் அம்மாக்களைக் கேட்டுவிடுங்கள், எந்த நாள் ஆகும் எந்த நாள் ஆகாது என்று அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

ஐந்தாம் படி: தாள்கள்

மொரீஷியஸ் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு ரீயூனியன் விசா தேவையில்லை. ஆனால் இப்போது நம் அணிகளில் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளும் ஆடுகிறார்கள். அவர்கள் கதை வேறு. ரீயூனியன் பிரான்சின் பகுதியாக இருந்தாலும், ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கனில் சேர்ந்ததில்லை. பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா இருக்கிறதே என்று நம்பி வந்துவிட முடியாது. அவரவர் தம் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டு, நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். திரும்ப மொரீஷியஸுக்குள் வர அவர்களுடைய வேலை அனுமதி செல்லுபடியாகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் ஒரு நல்ல ஸ்மாஷரை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

எல்லாருடைய பாஸ்போர்ட்டும் திரும்பும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். அதற்குக் குறைவாக இருப்பவர்களை உடனே புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

இனி தங்குமிடம். விடுதியில் தங்கினால் பதிவுச் சீட்டு போதும். எதிரணி ஆட்டக்காரர்களின் வீடுகளில் தங்கினால் அத்தெஸ்தாசியோன் தக்கேய் என்கிற வரவேற்புச் சான்று வேண்டும். வீட்டுக்காரர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்தில் நேரில் விண்ணப்பித்து வாங்கி, மூலத்தாளை நமக்கு அனுப்ப வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம் உண்டு, கையில் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். பன்னிரண்டு பேரை ஆறு வீடுகளில் பிரித்தால் ஆறு குடும்பங்கள் இந்த அலைச்சலைச் சுமக்கும். அதனால்தான் வயதுவந்தோர் அணியென்றால் ஒரு பெரிய வாடகை வீடோ மன்றம் ஏற்பாடு செய்கிற விளையாட்டு விடுதியோ மேல் என்பேன். சிறுவர்களுக்கு வீட்டில் தங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதற்காகச் சிரமப்படலாம்.

பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். இங்கே அரசு மருத்துவமனையில் காசு வாங்காமல் பார்த்துப் பழகிவிட்டோம். அங்கே நாம் வெளிநாட்டுக்காரர்கள். 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கிற காப்பீட்டைக் கேளுங்கள். வரவேற்புச் சான்றுக்கும் அதே அளவுதான் கேட்கிறார்கள். பத்திரத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பல காப்பீடுகள் ‘போட்டி விளையாட்டு’ என்றால் பணம் தராது. முழங்கால் சவ்வு கிழிவதும் கணுக்கால் பிசகுவதும் நெட்டுக்குப் பக்கத்தில்தான் நடக்கும், அதை விட்டுவிடுகிற காப்பீட்டால் நமக்குப் பயனில்லை.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், அவர்களுடைய அடையாள அட்டை நகல், பிறப்புச் சான்று. அதே கடிதத்தில், அவசரத்துக்கு மருத்துவரிடம் காட்டவும் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்பவும் மேலாளருக்கு அதிகாரம் தருகிறோம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு பெற்றோர் கூட்டம் அவசியம். கூட்டத்தில் அப்பாக்கள் பணத்தைப் பற்றிக் கேட்பார்கள். அம்மாக்களில் யாராவது ஒருவர் பின்வரிசையிலிருந்து, “தம்பி, ராத்திரி பையன் எங்கே படுப்பான்? கூட யார் இருப்பாங்க?” என்பார். அதற்குச் சரியான பதில், “பார்த்துக்கறோம் அக்கா” என்பதில்லை. “இந்த முகவரி, இந்த வீடு, இந்த அறையில் உங்கள் பையனோடு இன்னும் மூவர், பக்கத்து அறையில் கோச், இது என் அங்குள்ள எண்” என்று தாளில் எழுதியதைக் கையில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை உங்களால் கொடுக்க முடியவில்லை என்றால் ஏற்பாடு இன்னும் முடியவில்லை.

ஆறாம் படி: பணம்

கணக்கை யூரோவில் போடுங்கள், வசூலை ரூபாயில் செய்யுங்கள், இடையில் மாற்று விகிதம் ஏறலாம் என்று பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள். விமானம், காப்பீடு, தங்குமிடம், வண்டி வாடகை, பெட்ரோல், சாப்பாடு, பரிசுப் பொருள், மருத்துவக் கையிருப்பு என்று தலைப்பு பிரியுங்கள். அதன் கீழே இன்னொரு தலைப்பு: அவர்கள் திரும்ப வரும்போது ஆகும் செலவு. இதையும் இன்றே எழுதி, இன்றே வசூலிக்கத் தொடங்குங்கள். போய்வந்த பிறகு திரட்டலாம் என்றால் ஆர்வம் ஆறிப்போய்விடும்.

பிரியாணி டிக்கெட் விற்பதுதான் நம் ஊரில் சோதித்துப் பார்த்த வழி. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இத்தனை டிக்கெட் என்று பிரித்துக்கொடுத்து, ஒரு ஞாயிறு காலையில் கோயில் கூடத்திலோ சமூக மண்டபத்திலோ சமைத்து வழங்கினால் நல்ல தொகை சேரும். வீட்டில் வசதியில்லாத பையன் யார் என்று மேலாளருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும், அவன் பங்கை மன்றம் ஏற்கட்டும். பணம் இல்லை என்பதற்காக ஒரு லிபரோவை, பின்வரிசையில் பந்தைக் காக்கிற ஆட்டக்காரனை, விட்டுவிட்டுப் போகிற மன்றத்தை மன்றம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஏழாம் படி: மூட்டை கட்டுதல்

ஷூ, முழங்கால் பட்டை, ஒரு ஜெர்சி, மருந்து ஆகியவை கைப்பையில். பெட்டி தொலைந்தாலும் அன்று மாலை ஆட முடியும். ஜெர்சி இரண்டு நிறத்தில் வேண்டும், லிபரோவுக்கு இரண்டுக்கும் பொருந்தாத மூன்றாவது நிறம். பந்துகளின் காற்றை இறக்கிப் பெட்டியில் வையுங்கள், பம்பும் ஊசியும் அதோடு. பவர் பேங்க் மட்டும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்க வேண்டும். பிளக் அங்கே பிரெஞ்சு வகை, இங்குள்ள மூன்று முள் பிளக் ஏறாது.

பழம், செடி, கறிவேப்பிலைக் கட்டு, இறைச்சி, பால் பொருள் எதுவும் வேண்டாம். ஐரோப்பிய விதி கடுமை, சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். லெ தம்போன், பிளேன் தெ காஃப்ர் மாதிரி மேட்டுப்பகுதியில் ஆட்டம் என்றால் ஜூலையில் நன்றாகக் குளிரும். நம் ஊர் கியூர்பிப் குளிரை நினைத்து எடுத்துப்போகிற ஜாக்கெட் அங்கே போதாது. கொசு எதிர்ப்புக் களிம்பையும் மறக்காதீர்கள். 2005–06இல் ரீயூனியனை ஆட்டிவைத்த சிக்குன்குனியா 2025இல் மறுபடி பெரிதாகப் பரவியது. மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கிற நோய், ஆட்டக்காரருக்கு அது ஒரு சீசனையே தின்றுவிடும்.

எட்டாம் படி: போய்ச் சேர்ந்ததும்

குடிவரவில் எல்லாரும் ஒன்றாக நில்லுங்கள், மேலாளர் முன்னால். அழைப்புக் கடிதம், சங்கத்தின் ஒப்புதல், தங்குமிடச் சான்று, திரும்பும் டிக்கெட், காப்பீடு ஆகியவை ஒரே கோப்பில் இந்த வரிசையில் இருக்கட்டும். ‘எதற்காக வந்தீர்கள்’ என்று தனித்தனியாகக் கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே பதில் வரவேண்டும்: இந்த ஊர், இந்த மன்றம், இந்த நாட்களில் நட்பு ஆட்டம்.

அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். ஓட்டுநரோடு ஒன்பது பேர் ஏறுகிற சிறு வேனைச் சாதாரணக் கார் உரிமத்திலேயே ஓட்டலாம், ஆனால் நம் உரிமத்தை ஏற்பார்களா என்று வாடகை நிறுவனத்திடம் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது இருக்கை என்றால் ஒன்பது பேருடைய பையும் உள்ளே போகும் என்று அர்த்தமில்லை, ஒரு வேனுக்கு ஏழு பேர் என்று கணக்கு வையுங்கள். வலப்பக்க ஓட்டத்தில் பழக்கமுள்ள ஒருவர் ஓட்டட்டும், வட்டச் சந்திப்புகளில்தான் கை தடுமாறும். தலைநகர் சென்-தெனியிலிருந்து தெற்கே போகிற சாலையில் காலையும் மாலையும் நெரிசல் கடுமை. ஆட்டம் ஆறு மணிக்கு என்றால் நாலு மணிக்கே வழியில் இருங்கள்.

சாப்பாடு. கூட்டமாக வருகிறவர்களுக்கு அங்கே சுலபமாகச் சமைப்பது ருகாய் சோசிஸ், பன்றி இறைச்சி சாசேஜைத் தக்காளியோடு சமைக்கிற கறி. பன்றியும் மாடும் தொடாதவர்கள், மரக்கறி மட்டும் உண்பவர்கள் எத்தனை பேர் என்று முன்பே எழுதியிருந்தால், அவரைக்கறியும் தக்காளி ருகாயும் சோறுமாக வயிறார வைப்பார்கள். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: ஆட்டம்

நட்பு ஆட்டத்தில் எத்தனை செட் என்பதை முதலில் பேசிக்கொள்ளுங்கள். யார் முன்னணியில் இருந்தாலும் 25 புள்ளிகளுக்கு நான்கு செட் முழுதாக ஆடலாம் என்று நான் எப்போதும் கேட்பேன். மூன்று செட்டில் முடிந்துவிட்டால் பெஞ்சில் இருந்தவன் கடல் கடந்து வந்தும் பந்தைத் தொடாமல் திரும்புவான். நான்காவது செட்டை இரண்டாம் அறுவருக்கு விட்டுவிடலாம். ஒரு செட்டுக்கு ஆறு மாற்றம் என்கிற விதியையும் தளர்த்திக்கொள்ளலாம், எதிரணியும் பெரும்பாலும் அதையே விரும்பும்.

வார்ம்-அப் தொடங்கும் முன் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பந்தின் காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.300 முதல் 0.325 கிலோ வரை இருக்க வேண்டும் என்பது விதி. நம் பயிற்சிப் பந்து தேய்ந்து, கொஞ்சம் தளர்ந்திருக்கும். அங்கே சரியான அழுத்தத்தில் புதுப் பந்து வந்தால் செட்டரின் விரலிலிருந்து ஒரு சாண் கூடுதலாகத் துள்ளும், ரிசீவ் நெட்டைத் தாண்டிப்போகும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவர்கள் பயன்படுத்துகிற அதே பந்தில் பயிற்சி செய்வதுதான் இதற்கு மருந்து. எந்தப் பந்து என்று கடிதத்தில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

கூரை உயரத்தையும் சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் முதல் பத்து நிமிடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜம்ப் சர்வீஸுக்கு ஓடுகிற தூரம் அதைப் பொறுத்தது. நடுவர் பெரும்பாலும் அவர்களுடைய மன்றத்தவராக இருப்பார். சந்தேகத்தைக் கேப்டன் மட்டும் கேட்கட்டும், பெஞ்சிலிருந்து சத்தம் வேண்டாம். முடிந்தால் நம் பக்கத்திலிருந்தும் நடுவர் பயிற்சி பெற்ற ஒருவரை அழைத்துப்போங்கள், ஒரு செட் அவர், ஒரு செட் இவர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

யாருக்காவது அடிபட்டால் மருத்துவ அவசர எண் 15, அல்லது 112. காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தெரிவித்து, எல்லா ரசீதையும் வாங்கி வையுங்கள்.

ஆட்டங்களுக்கு நடுவே ஒரு நாள் முழு ஓய்வு விடுங்கள். சென்-ஆந்த்ரேயில் கொலோஸ் கோயிலுக்குப் போய்வரலாம். நம் தாத்தாக்களைப்போலவே கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர்கள் கட்டிக்காத்த ஊர் அது. எரிமலை பார்க்கப் போவதென்றால் அடுத்த நாள் ஆட்டம் இல்லாதபடி வையுங்கள், ஏற்றத்தில் நடந்த கால் மறுநாள் குதிக்காது.

பத்தாம் படி: கிளம்புவதற்கு முந்தைய இரவு

கடைசி ஆட்டம் முடிந்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும்போது மன்றக் கொடியையும் பரிசையும் கொடுத்துவிட்டு, இரு மன்றத் தலைவர்களும் நாட்காட்டியோடு உட்காருங்கள். அவர்கள் வருகிற மாதத்தை அன்றே குறித்துவிட வேண்டும். அவர்களுடைய சிறுவர்கள் பெற்றோர் இல்லாமல் வருவதாக இருந்தால், பிரான்சை விட்டு வெளியேற 2017 முதல் பெற்றோர் கையெழுத்திட்ட தனி அனுமதிப் படிவம் கட்டாயம் என்று ஞாபகப்படுத்துங்கள். ஊர் திரும்பிய அதே வாரத்தில் கணக்கை எழுதிப் பெற்றோருக்குக் காட்டுங்கள். மிச்சமிருக்கிற பணத்தைத் திரும்ப அழைக்கிற நிதியில் போட்டு, குறித்த தேதிக்கு ஜிம் கேட்டு விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள். நல்ல ஜிம்கள் பள்ளி விடுமுறை நாட்களில் சீக்கிரம் நிரம்பிவிடும்.